பள்ளிவாசலும் சர்ச்சும் சேர்ந்து பகுதி அமைதிக் குழு தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையில் பெரியமேடு, வேப்பேரி, சூளை, புரசைவாக்கம் பக்கம் நாலு தெரு நடந்தால் ஒரு பள்ளிவாசலும் இரண்டு சர்ச்சும் கண்ணில் படும். இந்தப் பகுதியில் ஹஜ்ரத் (இமாம்), பாதர், ஆயர் (தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் போதகர்), பாஸ்டர் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைத்து வரும் வேலையில் சில வருடங்களாக எடுபிடியாக இருக்கிறேன். நாற்காலி போடுவது, ஃபோன் போடுவது, நோட்டில் எழுதுவது, இவைதான் என் பொறுப்பு.

வேறு பகுதியிலிருந்து யோசனை கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த மண்டபம் பிடிக்கலாம், சிறப்பு விருந்தினராக யாரைக் கூப்பிடலாம்?" என்பதுதான். அதில் ஆரம்பித்தவர்கள் அடுத்த ரம்ஜான் வரை தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை. மேடை இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் ஏறவேண்டிய படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான கணக்கு நோட்டு. வாட்ஸ்அப் குழு இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் பகுதியின் கை வரைபடம். எந்தத் தெருவில் எந்தப் பள்ளிவாசல், எந்த சர்ச், மாடியில் நடக்கும் ஜெப வீடு எது, மதரஸா எது, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வரைபடத்தில் நாங்கள் ஜெப வீடுகளை விட்டுவிட்டோம். பிறகு வந்த புகார்களில் பாதி அவற்றைப் பற்றித்தான்.

உங்களோடு ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து. நீங்கள் கிறிஸ்தவர் என்றால் ஒரு முஸ்லிம் நண்பர், முஸ்லிம் என்றால் ஒரு கிறிஸ்தவ நண்பர். எந்த வாசலுக்கும் இருவருமாகப் போங்கள். தனியாகப் போனால், "இவர் எதற்கு வருகிறார், மதம் மாற்றவா?" என்ற சந்தேகம் தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும்.

அப்புறம், "எங்கள் மேலிடம் இதை ஒப்புக்கொள்ளுமா?" என்ற கேள்விக்குப் பதில். கத்தோலிக்கர் கேட்டால், 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையிலேயே முஸ்லிம்களோடு பழைய பகையை மறந்து சேர்ந்து உழைக்கச் சொல்லியிருப்பதைக் காட்டலாம். ஹஜ்ரத் கேட்டால், 2007-இல் 138 இஸ்லாமிய அறிஞர்கள் கையெழுத்திட்டு உலகக் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு அனுப்பிய கடிதம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 4-ஆம் தேதி அபுதாபியில் போப் பிரான்சிஸும் எகிப்தின் அல் அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அல் தய்யிபும் கையெழுத்திட்ட மனித சகோதரத்துவ ஆவணம் இருவருக்கும் பொது. இவற்றைப் பிரசங்கமாகச் சொல்லாதீர்கள். கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

2. முடிவெடுப்பவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தொழ வைப்பவர் ஹஜ்ரத். ஆனால் பள்ளிவாசலின் நிர்வாக முடிவு முத்தவல்லி என்ற நிர்வாகியிடமும் ஜமாத் கமிட்டியிடமும் இருக்கிறது. பல இடங்களில் ஹஜ்ரத் கமிட்டியிடம் சம்பளம் வாங்குகிறவர். அவரிடம் நேராகப் போய் "வாங்க, கையெழுத்துப் போடுங்க" என்றால் சங்கடப்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம். முத்தவல்லியைப் பார்த்துவிட்டு, அவர் சொல்லி ஹஜ்ரத்தைப் பாருங்கள்.

கத்தோலிக்கப் பங்கில் பங்குத்தந்தை சொன்னால் பெரும்பாலும் நடந்துவிடும். ஆனாலும் பங்குப் பேரவையைத் தாண்டிப் போகாதீர்கள். சி.எஸ்.ஐ. சபையில் ஆயரோடு சபைக் கமிட்டிச் செயலரையும் பார்க்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளில் அநேகமாக பாஸ்டரே எல்லாம். ஒரு சபை பாஸ்டர் சரி என்றால் பக்கத்துச் சபை பாஸ்டரும் சரி என்பார் என்று எண்ண வேண்டாம்.

ஒரு பாதரும் ஒரு ஹஜ்ரத்தும் வந்துவிட்டால் இரண்டு சமுதாயமும் வந்துவிட்டதாக நினைப்பது அடுத்த தவறு. சர்ச்சுக்கும் சர்ச்சுக்கும் இடையே, மரபுவழி சுன்னத் ஜமாத்துக்கும், தர்கா வழக்கங்களை ஏற்காத தவ்ஹீத்காரர்களுக்கும் இடையே இருக்கிற மனத்தாங்கல் சில நேரம் மதங்களுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது. எல்லோரையும் முதல் நாளே கூட்டினால் உள்வீட்டுச் சண்டையைத் தீர்ப்பதிலேயே பொழுது போய்விடும். இரண்டு பக்கமும் மும்மூன்று பேரோடு ஆரம்பித்து, மற்றவர்களை ஒவ்வொருவராகச் சேருங்கள்.

ஹஜ்ரத், பாய், பாதர், ஐயா, பாஸ்டர், சிஸ்டர் என்று அவரவர் மக்கள் கூப்பிடுவது போலவே கூப்பிடுங்கள். எங்களோடு வந்த ஓர் இளைஞர் மரியாதை என்று நினைத்து ஹஜ்ரத்தை "சாமி" என்றுவிட்டார். ஹஜ்ரத் சிரித்து விட்டுவிட்டார், கமிட்டிக்காரர்கள் சிரிக்கவில்லை.

3. தனித்தனியாகப் பார்த்து, மனக்குறையைக் கேளுங்கள்

சேர்ந்து உட்கார வைப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் குறைந்தது இரண்டு முறை தனியாகப் பார்க்க வேண்டும். முதல் முறை எல்லோரும் "இங்கே பிரச்சினையே இல்லை, எல்லாம் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கிறோம்" என்பார்கள். அது விருந்தாளிக்குச் சொல்கிற பதில். இரண்டாவது முறை போனால், "அது வந்து, ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பிப்பார்கள். அதற்காகத்தான் இரண்டாவது முறை போகிறோம்.

கேட்டதை நோட்டில் எழுதுங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு முறை அப்படிச் செய்தால் போதும், நீங்கள் கோள் சொல்லி ஆகிவிடுவீர்கள்.

4. நாள், நேரம், இடம்

வெள்ளி மதியம் ஜும்மா, ஞாயிறு காலை ஆராதனை, இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவை வேறு. செவ்வாய் மாலை பல கத்தோலிக்கக் கோயில்களில் அந்தோணியார் நவநாள். பல பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளியன்று உபவாச ஜெபம். மக்ரிபுக்கு, அதாவது அந்தி மாலைத் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மதரஸா. எல்லாவற்றையும் கழித்தபின் எங்களுக்கு மிஞ்சியது வியாழன் காலை பதினொரு மணி. லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு முன் முடிந்துவிடும் என்பதால் கூட்டம் இழுத்துக்கொண்டே போகாது.

முதல் சந்திப்பை சர்ச்சுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் வைக்காதீர்கள். சுரூபம் (சிலை) இருக்கும் இடத்தில் உட்காரத் தயங்கும் ஹஜ்ரத் உண்டு. சிஸ்டர்கள் வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று பள்ளிவாசலில் கை பிசைவார்கள். ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையோ, யாருடைய கடை மாடியோ போதும். பழகிய பிறகு ஒருவர் வாசலுக்கு மற்றவர் தானாகவே வருவார்.

5. முதல் சந்திப்பு: மைக் இல்லை, படம் இல்லை

ஒரு மணி நேரம். டீ, பிஸ்கட். வரவேற்புரை கிடையாது.

எதில் தொடங்குவது? பொதுவாக ஒரு ஜெபம் செய்யலாம் என்று யாராவது ஆசைப்படுவார்கள், தடுத்துவிடுங்கள். ஜெபம் "இயேசுவின் நாமத்தில்" என்று முடியும்போது ஒரு பக்கம் ஆமென் சொல்ல முடியாமல் நெளியும். துஆவுக்குக் கையேந்தும்போது மறுபக்கம் என்ன செய்வது என்று தெரியாமல் பார்க்கும். ஒரு நிமிடம் அமைதி போதும், அவரவர் மனதுக்குள் அவரவர் முறை.

மார்க்க விவாதமும் வேண்டாம். ஈசா நபி (இயேசு), மர்யம் (மரியாள்) என்று ஒரே பெயர்களைக் கேட்டதும் சிலருக்கு உற்சாகம் வந்து, திரித்துவம், சிலுவை மரணம் என்று பேச்சு போய்விடும். அது பதினான்கு நூற்றாண்டாக முடியாத பேச்சு, உங்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடியாது.

முதல் மூன்று சந்திப்புகளுக்குப் படம் எடுக்காதீர்கள். படம் வெளியே போன அன்றே அவரவர் சபையில் "யாரைக் கேட்டுப் போனீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும் அளவுக்கு அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

6. சில்லறைத் தகராறுகளில் தொடங்குங்கள்

இரண்டாவது சந்திப்பில் நோட்டை எடுத்து, யார் சொன்னது என்று சொல்லாமல், தெருவில் உள்ள உரசல்களை மட்டும் வாசியுங்கள். எங்கள் பட்டியலில் முதலில் இருந்தவை ஸ்பீக்கரும் பைக் நிறுத்தமும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் சட்டத்தை முதலில் மேசையில் வையுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. பண்டிகைகளுக்காக வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். இதை வாசித்ததும் எங்கள் அறையில் ஒரு வேடிக்கை நடந்தது. சர்ச் பக்கம் ஃபஜ்ர் பாங்கை, அதாவது விடியற்காலைத் தொழுகை அழைப்பைப் பார்த்துத் தலையாட்டியது. ஒரு பாய் மெதுவாக, "அப்போ டிசம்பர் 24, 31 ராத்திரி?" என்றார். இரண்டு பக்கமும் ஒரே விதிக்குள்தான் இருக்கிறது என்று புரிந்த பிறகு பேச்சு எளிதானது. குழாய் ஸ்பீக்கரின் வாயை எதிர்ச் சுவரிலிருந்து திருப்புவது, பரீட்சை மாதத்தில் சத்தத்தைக் குறைப்பது, நள்ளிரவு ஆராதனையில் வெளி ஸ்பீக்கரை அணைப்பது என்று மூன்று முடிவு. மூன்றுக்கும் செலவு ஒரு எலக்ட்ரீஷியன் கூலி.

பைக் நிறுத்தத்தில் வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் பெரிய சிக்கல்: புனித வெள்ளி. சி.எஸ்.ஐ. சபையில் மும்மணி ஆராதனை பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. அதன் நடுவில் ஜும்மா. ஒரே தெரு, இரண்டு கூட்டம், நூற்றுக்கணக்கான வண்டிகள். கறுப்புச் சேலையிலும் வெள்ளைச் சட்டையிலும் வந்தவர்கள் வண்டியை எடுக்க முடியாமல் வெயிலில் நிற்க, தொப்பி போட்ட பையன்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வழிவிட்ட ஒரு வருடத்துக்குப் பிறகுதான் இதைப் பட்டியலில் சேர்த்தோம். இப்போது பள்ளி மைதானம் சர்ச்சுக்கு, தெருவின் இடது ஓரம் பள்ளிவாசலுக்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் நாலு நாலு தொண்டர்கள். கயிறும் சாக்பீஸும் நான் வாங்கி வருகிறேன்.

இதில் ஏன் தொடங்க வேண்டும் என்றால், தீர்ந்தது கண்ணுக்குத் தெரியும். ஸ்பீக்கரைத் திருப்பியதை அடுத்த நாளே தெரு முழுக்கக் கவனிக்கும். அந்த நம்பிக்கை இல்லாமல் அடுத்த படியில் கால் வைக்க முடியாது.

7. கஷ்டமான இரண்டு விஷயங்களுக்கு முன்கூட்டியே எல்லை

ஒன்று, பிரசாரம். நற்செய்தி சொல்வதும், இஸ்லாத்துக்கு அழைக்கும் தஃவாவும் இரண்டு மார்க்கத்திலும் கடமை. நிறுத்தச் சொல்ல உங்களால் முடியாது, சொல்லவும் கூடாது. எப்படிச் செய்வது என்பதைப் பேசலாம். எங்கள் நோட்டில் இருப்பது: அடுத்தவர் வழிபாட்டு வாசலில் துண்டுப்பிரசுரம் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் சாவு வீட்டிலும் இல்லை. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் இல்லை. அடுத்தவர் நபியையோ வேதத்தையோ இழிவாகப் பேசுவது எங்கும் இல்லை. "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற குர்ஆன் 2:256 வசனத்தை ஹஜ்ரத் எடுத்துச் சொன்னார். சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்லும் 1 பேதுரு 3:15-ஐ ஆயர் சொன்னார். வசனத்தை அவரவர் வேதத்திலிருந்து அவரவரே எடுக்க வேண்டும். அடுத்தவர் வேதத்திலிருந்து எடுத்துக் காட்டினால் அது பாடம் நடத்துவது போல ஆகிவிடும்.

இன்னொன்று, காதல் கல்யாணம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகியிருந்தால் அது அவர்கள் முடிவு. மதம் மாறாமலே மணம் முடிக்க 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. பெண்ணை மீட்டுத் தரச் சொல்லி வருவார்கள். குழுவுக்கு அந்த வேலை கிடையாது. இரண்டு வீட்டு வாசலிலும் கூட்டம் சேராமல் பார்ப்பதோடு நம் பொறுப்பு முடிகிறது. இதை அமைதியான நாளில் எழுதி வைத்துவிடுங்கள். ஆள் ஓடிப்போன இரவில் உட்கார்ந்து கொள்கை பேச முடியாது.

8. ஃபோன் சங்கிலி

மற்ற எல்லாப் படிகளும் இதற்காகத்தான். ஒவ்வொரு வழிபாட்டிடத்திலிருந்தும் மூன்று பெயர்: ஒரு பெரியவர், தெருப் பையன்கள் சொல் கேட்கும் ஓர் இளைஞர், ஒரு பெண். யார் யாருக்கு அழைப்பது என்று ஜோடி போட்டு, அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள். காவல் நிலையச் சட்டம் ஒழுங்கு ஆய்வாளரின் எண்ணும், அவசர எண் 112-உம் அதில் இருக்கட்டும். ஆய்வாளரை முன்பே ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள். கலவரச் செய்தியோடு முதல்முறையாக அறிமுகமாகாதீர்கள்.

தீப்பொறி பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வரும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் சர்ச்சுகளிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மதியத்துக்குள் சென்னை ஃபோன்களிலும் கண்ட கண்ட செய்தியெல்லாம் சுற்றத் தொடங்கியது. அன்று எங்களிடம் அட்டை இல்லை. ஆறு பேரைப் பிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குள் வரவேண்டிய வதந்தி எல்லாம் வந்து போய்விட்டது. எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அட்டை அதற்கப்புறம் வந்தது.

முதல் ஒரு மணி நேரத்துக்கான ஒழுங்கு இது. செய்தி வந்தால் முதலில் ஜோடிக்கு அழைப்பு. உண்மையா என்று சம்பவ இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்க்க வேண்டும். அப்புறம் குரல் பதிவு: ஹஜ்ரத் தன் ஜமாத்துக்கு, பாதர் தன் பங்குக்கு. முஸ்லிம்களை அமைதியாக இருக்கச் சொல்லி பாதர் பேசினால் அது எரிகிற தீயில் எண்ணெய். அவரவர் ஆட்களை அவரவரே அடக்க வேண்டும். வதந்தியை மறுக்கும்போது அந்த வதந்தியையே திரும்ப அனுப்பாதீர்கள். வெறுப்பைத் தூண்டும் பதிவு என்றால் படம் பிடித்து வைத்துக்கொண்டு காவல்துறையிடம் கொடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கதவையும் முடிவு செய்து வையுங்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013 டிசம்பரில் தலைநகர் பாங்கி பற்றி எரிந்தபோது, பேராயர் நசபலைங்கா இமாம் ஒமர் கோபின் லயாமாவைத் தன் இல்லத்தில் தங்க வைத்தார். இமாம், பேராயர், பாஸ்டர் கெரேகோயமே மூவரும் சேர்ந்தே ஊர் ஊராகப் போனார்கள். நம் ஊரில் அந்த நிலை இல்லை. ஆனாலும், எந்தக் குடும்பமாவது ஓர் இரவு எங்காவது தங்க வேண்டி வந்தால் யார் வீடு என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் அந்தக் கேள்விக்கு முதலில் கை தூக்கியவர் அதுவரை வாயே திறக்காத ஒரு பிரியாணிக் கடைக்காரர்.

9. சேர்ந்து ஒரு வேலை

பேச்சு மட்டும் இருந்தால் நாலாவது மாதம் ஆள் குறையும். வருடத்துக்கு இரண்டு வேலை போதும். வெள்ளம் வந்தால் எந்த மாடி திறக்கும், யார் சமைப்பார்கள் என்பதை மழைக்கு முன்பே பேசி வைத்தால், 2015 வெள்ளம் போலவோ 2023 மிக்ஜாம் புயல் போலவோ வரும்போது ஒரே தெருவுக்கு மூன்று வேளை சாம்பார் சாதமும் அடுத்த தெருவுக்கு ஒன்றுமே இல்லாமலும் போகாது.

இன்னொன்று, அடக்கம். இரு சமுதாயமும் மண்ணில்தான் அடக்கம் செய்கிறது, இந்த ஊரில் இரண்டு பேருக்கும் இடம் தட்டுப்பாடு. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல் எறிந்தது இதே சென்னையில்தான். எங்கள் குழுவில் பேச்சு மிகவும் ஆழமாகப் போன நாள், இதைப் பற்றிப் பேசிய நாள்.

10. சாப்பாடு

இதற்கு ஒரு தலைப்பா என்று கேட்காதீர்கள், நாங்கள் சறுக்கியது இதில்தான். 2025-இல் ரமலானும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் ஒரே மாதத்தில் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை இஃப்தாருக்கு பாதரை அழைத்தோம். நோன்புக் கஞ்சி மட்டன் போட்டது. பாதர் பேரீச்சம்பழத்தை எடுத்தார், வடையைச் சாப்பிட்டார், கஞ்சிக் கிண்ணத்தைத் தொடவில்லை. ஆவி பறந்த கஞ்சி ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தது. "நம் வீட்டுக் கஞ்சி அவருக்கு ஆகாதோ?" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்கர் இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. பாதரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று மாலை சிலுவைப்பாதை வழிபாட்டையும் உதவிப் பங்குத்தந்தையிடம் விட்டுவிட்டு அவர் வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இஸ்லாமிய மாதங்கள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். ஆகவே ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளி தவிர்த்த ஒரு நாள், மட்டன் இல்லாத ஒரு பானை. மக்ரிப் பாங்கு சொன்னதும் நோன்பு திறந்துவிட்டு எல்லோரும் தொழப் போவார்கள், கால் மணி நேரம் விருந்தாளிகள் தனியாக இருப்பார்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துமஸில் தவறு மறுபக்கம். பிளம் கேக்கில் பல பேக்கரிகள் பழத்தை ரம்மில் ஊறவைக்கும். ரம் இல்லாதது என்று உறுதி செய்து வாங்குங்கள். பிரியாணி ஹலால் கடையிலிருந்து வரட்டும், சர்ச் பக்கம் யாரும் ஆட்சேபித்ததில்லை.

11. இப்போது மேடை

இத்தனையும் ஆன பிறகு, ஒன்றரை வருடம் கழித்து, விழா வையுங்கள். குத்துவிளக்கு வேண்டாம். ஹஜ்ரத்தும் ஏற்றமாட்டார், பல பாஸ்டர்களும் ஏற்றமாட்டார்கள், ஆளுக்கு ஆள் மெழுகுவத்தியை நீட்டும் காட்சி பார்க்க நன்றாக இருக்காது. தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கலாம். கட்சிக்காரர்களை மேடையில் ஏற்றாதீர்கள், முன்வரிசையில் உட்காரட்டும். பேசுபவர்கள் பத்து நிமிடம், அதுவும் நோட்டிலிருந்து: ஸ்பீக்கர், பைக், அட்டை.

உருது பேசும் ஜமாத் என்றால் மொழிபெயர்ப்பாளர் வையுங்கள். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் இது கட்டாயம்.

12. ஆள் மாறும்போது

பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் சில வருடங்களில் மாற்றல் வரும். ஹஜ்ரத்தும் வேறு பள்ளிவாசலுக்குப் போகலாம். நட்பு இரண்டு பேருக்குள் மட்டும் இருந்தால் அவர்களோடு போய்விடும். அதனால் முடிவுகளைப் பங்குப் பேரவை, சபைக் கமிட்டி, ஜமாத் கமிட்டி மூன்றின் தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றச் சொல்லுங்கள்.

புதியவர் வந்த முதல் வாரத்திலேயே, பழையவர் ஊரில் இருக்கும்போதே, அறிமுகம் செய்து வையுங்கள். போன மாற்றலின்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்த பாதர், வந்தவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முத்தவல்லியின் கடைக்கு வந்தார். கடையிலேயே நோட்டைப் பிரித்து, எந்தத் தெரு, எந்தத் தேதி, எதற்குக் கயிறு என்று சொல்லிக் கொடுத்தோம். புது பாதர் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த புனித வெள்ளிக்கு ஸ்கூல் கிரவுண்ட் சாவி யார்கிட்ட வாங்கணும்?"